மொறுமொறு சக்கரவள்ளி வறுவல்: ஏர் ஃபிரையரா, தோசைக்கல்லா?

இந்த மாதப் பாடம் காலைச் சாப்பாட்டையும் கடனையும் பற்றியது. இரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறோம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பிள்ளைச்சாவடிப் பக்கம் குழுக் கூட்டங்களில் இப்போது ஒரு புதுக் கேள்வி வருகிறது. "செல்போன்ல பார்த்தோம். சக்கரவள்ளிக் கிழங்கைப் பொடியா நறுக்கி ஏர் ஃபிரையர்ல போட்டா, எண்ணெயே இல்லாம மொறுமொறுன்னு வருது. வெளிநாட்டுல காலையில அதைத்தான் சாப்பிடறாங்களாம். அந்த மெஷின் வாங்க உள்கடன் கிடைக்குமா?" சிலர் வீட்டுக்காகக் கேட்கிறார்கள். சிலருக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்லூரி, பல்கலைக்கழகப் பிள்ளைகள் வரும் இடத்தில் காலைக் கடை போடலாமா என்று யோசனை.

கடன் கொடுப்பதும் கொடுக்காததும் குழுவின் தீர்மானம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஆனால் கிழங்கு எதனால் மொறுமொறுப்பாகிறது என்று தெரிந்துகொண்டால், மெஷின் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பது பாதி விளங்கிவிடும். அதனால் முதலில் சமையல், அப்புறம் கணக்கு.

பேரும் பண்டமும்

செல்போனில் இதற்கு 'ஹாஷ்' என்று பேர் சொல்கிறார்கள். ஆங்கிலப் பேர்தான், ஆனால் பிரெஞ்சிலிருந்து போனது. பிரெஞ்சில் 'அஷே' என்றால் பொடியாக நறுக்குவது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் யாராவது தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடுவார்கள். ஆகப் பேருக்கு அர்த்தம் நறுக்கல், அவ்வளவுதான். கிழங்கையும் வெங்காயத்தையும் பொடியாக நறுக்கி, வெளியே முறுகலாகவும் உள்ளே மெத்தென்றும் வறுத்தால் அதுதான் ஹாஷ். நாம் உருளைக்கிழங்கில் செய்யும் வறுவலுக்கு இது தங்கச்சி முறை.

நம்ம ஊரில் சக்கரவள்ளியைப் பெரும்பாலும் அவித்துத்தான் சாப்பிடுகிறோம். பொங்கல் சமயத்தில் பெரிய மார்க்கெட்டில் குவித்து வைத்து விற்பார்கள். வாங்கி அவித்து, மீதி இருந்தால் மறுநாள் வெல்லம் போட்டுப் பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அதோடு சரி. காலையில் காரமாகச் சாப்பிடலாம் என்ற யோசனை நல்ல யோசனைதான். அதை ஏற்றுக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. தயக்கம் எல்லாம் மெஷினைப் பற்றி.

மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஏர் ஃபிரையர் என்பது ஒரு சின்ன அடுப்பு. மேலே ஒரு கம்பிச்சுருள் சூடாகிறது. அதற்கு மேல் ஒரு விசிறி. கீழே ஓட்டை போட்ட கூடை. விசிறி அந்தச் சூட்டுக் காற்றைக் கூடைக்குள் வேகமாகச் சுழற்றி அடிக்கிறது. பேரில்தான் 'பொரிப்பது' என்று இருக்கிறதே தவிர, உள்ளே நடப்பது சுடுவது. பேக்கரி அடுப்பைச் சின்னதாக்கி உள்ளே விசிறி வைத்த மாதிரி. பிலிப்ஸ் கம்பெனி 2010-ல் ஜெர்மனியின் பெர்லின் கண்காட்சியில் முதலில் காட்டியது. இன்று பல கம்பெனிகள் செய்கின்றன.

கிழங்குத் துண்டின் மேல்புறத்தில் ஈரம் இருக்கும்வரை அது கொதிநீர்ச் சூட்டைத் தாண்டாது. அதாவது 100 டிகிரி. அந்தச் சூட்டில் கிழங்கு வேகும், முறுகாது. மேலே இருக்கும் ஈரம் போன பிறகுதான் சூடு ஏறும், நிறம் மாறும், ஓடு மாதிரி ஒரு மேல்தோல் கட்டும். ஆகவே ஈரத்தை விரட்டுவதுதான் முழு வேலையும். மெஷின் அதைக் காற்றால் செய்கிறது. தோசைக்கல் அதை இரும்பின் சூட்டாலும் கொஞ்சம் எண்ணெயாலும் செய்கிறது.

சக்கரவள்ளியில் இன்னொரு விஷயம். உருளைக்கிழங்கைவிட இதில் சர்க்கரை அதிகம். அதோடு, மெதுவாகச் சூடாக்கினால் கிழங்குக்குள் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையாக மாறிக்கொண்டே போகும். அவித்த கிழங்கு அவ்வளவு இனிப்பாக இருப்பது அதனால்தான். சர்க்கரை சீக்கிரம் கருகும். அதனால் உருளைக்கிழங்குக்கு வைக்கிற சூட்டை இதற்கு வைத்தால், முறுகுவதற்கு முன்னே கறுத்துப்போகும். செல்போனில் 200 டிகிரி, 20 நிமிஷம் என்று சொல்கிறவர்கள் எந்தக் கிழங்கை எவ்வளவு பெரிசாக நறுக்கினார்கள் என்று நமக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கிழங்கு வாங்கும்போது

கெட்டியான, மேலே சின்னச் சின்ன ஓட்டை இல்லாத கிழங்காகப் பாருங்கள். ஓட்டை இருந்தால் கூன்வண்டு விழுந்த கிழங்கு. அறுத்தால் உள்ளே கறுப்பாகச் சுரங்கம் மாதிரி ஓடும், கசக்கும். அந்தக் கிழங்கைச் "கெட்டதை மட்டும் வெட்டிட்டு மீதியைப் போட்டுடலாம்" என்று சேர்க்க வேண்டாம். கசப்பு பக்கத்துச் சதைக்கும் பரவியிருக்கும், உடம்புக்கும் நல்லதில்லை. ஆடு மாட்டுக்கும் போடக் கூடாது.

வாங்கிய கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் நடுப்பகுதி கட்டையாகிப் பிறகு வேகவே வேகாது. காற்றோட்டமான கூடையில், வெயில் படாத மூலையில் வைத்தாலே போதும்.

செய்முறை

அரைக் கிலோ கிழங்கு மூன்று பேருக்குக் காலைக்குப் போதும். வறுத்த பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்துவிடும், ஈரம் போகிறதல்லவா.

நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோல் சீவுவது உங்கள் விருப்பம். மண் போகக் கழுவியிருந்தால் தோலோடு செய்யலாம், நார்ச்சத்து கிடைக்கும். சுண்டுவிரல் நகத்தளவு, எல்லாத் துண்டும் ஒரே அளவாக நறுக்க வேண்டும். மீன் அறுத்துப் பழகிய கைகளுக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்றால், சின்னது கருகும்போது பெரியது வேகாமல் நிற்கும்.

நறுக்கிய துண்டுகளை 20 நிமிஷம் தண்ணீரில் போடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு தண்ணீரில் இறங்கும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு வடித்து, பழைய பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றுகிற வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தை விரட்டுவதுதான் வேலை என்று மேலே சொன்னோமே, அந்த வேலையில் பாதியை இந்தத் துணி செய்துவிடும். காசில்லாத வேலை.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி அரிசி மாவு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் அல்லது மிளகுத்தூள், கொஞ்சம் சீரகம் சேர்த்துப் பிசறுங்கள். உப்பு இப்போது வேண்டாம். உப்பு கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும். கருவாட்டுக்கு உப்பு போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் நாம்தானே. இறக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஏர் ஃபிரையரில்: வெறும் மெஷினை 180 டிகிரியில் 3 நிமிஷம் ஓடவிடுங்கள். பிறகு துண்டுகளைக் கூடையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 10 நிமிஷம் கழித்துக் கூடையை எடுத்துக் குலுக்குங்கள். நீளவாக்கில் நறுக்கிய ஒரு வெங்காயத்தை, கொஞ்சம் எண்ணெயில் பிசறி, அப்போது சேருங்கள். இன்னும் 6 முதல் 8 நிமிஷம். கறிவேப்பிலையைத் தனியாகப் போடாதீர்கள். விசிறிக் காற்றில் இலை பறந்து மேலே கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும், புகை வரும். எண்ணெயில் நனைத்து, துண்டுகளுக்கு அடியில் செருகிக் கடைசி 2 நிமிஷம் வைத்தால் போதும்.

தோசைக்கல்லில்: பிசறுவதற்கு முன், ஒற்றிய துண்டுகளை இட்லிப் பானையில் 4 நிமிஷம் மட்டும் ஆவியில் வையுங்கள். அரைவேக்காடு போதும், குழையக் கூடாது. எடுத்துத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆவி போனால் மேல்புறம் தானாகக் காயும். பிறகுதான் அரிசி மாவும் மசாலாவும். கல்லை நன்றாகக் காயவைத்து ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, துண்டுகளைப் பரப்பி, 4 நிமிஷம் கையே வைக்காதீர்கள். நமக்கு ஒரு பழக்கம், அடுப்பில் எதைப் போட்டாலும் கிண்டிக்கொண்டே இருப்பது. கிண்டினால் முறுகாது, மசியும். தோசைத் திருப்பியால் அடியோடு புரட்டி, இன்னொரு பக்கத்துக்கு 4 நிமிஷம். வெங்காயம், கறிவேப்பிலை போட்டு இன்னும் 3 நிமிஷம். மூடி போடாதீர்கள். மூடினால் ஆவி உள்ளேயே நின்று எல்லாம் மெத்தென்று ஆகிவிடும்.

எதில் செய்தாலும் பொன்னிறத்தில் இறக்கிவிடுங்கள். மாவுச்சத்துள்ள பண்டத்தை அதிகச் சூட்டில் கறுக்க வறுத்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஏர் ஃபிரையரில் செய்தால் அது வராது என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் குறைவே தவிர, சூடு சூடுதான். தண்ணீரில் ஊறவைப்பதும் பொன்னிறத்தில் நிறுத்துவதும் அதைக் குறைக்கும்.

செய்து பார்த்ததில் கண்டது

ஒரு குழுக் கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்த்தோம். ஒரு உறுப்பினரின் மகள் வீட்டிலிருந்து வந்த 4 லிட்டர் மெஷின். முதலில் அரைக் கிலோவையும் கூடையில் கொட்டினோம், வித்தியாசம் தெரியட்டும் என்றுதான். 20 நிமிஷம் கழித்து எடுத்தால் மேலே இருந்தது கொஞ்சம் முறுகல், அடியில் இருந்தது அவித்த கிழங்கு. "இதுக்கு எதுக்கு மெஷின், குக்கர் போதுமே" என்றார் ஒரு ஆயா. அடுத்த முறை 300 கிராம் மட்டும் பரப்பிப் போட்டோம். நன்றாக வந்தது, பிள்ளைகள் தட்டைச் சுற்றிக்கொண்டார்கள். மூன்றாவதாகத் தோசைக்கல்லில் செய்தது. அதில் அடிப்பக்கம் முறுகலும் மணமும் தூக்கல். எது எதில் செய்தது என்று சொல்லாமல் கொடுத்தபோது பலரால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

இருந்தாலும் மெஷினுக்கு ஒரு நியாயம் சொல்லத்தான் வேண்டும். அதைப் பரப்பி, மூடி, நேரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நடுவில் ஒரு முறை குலுக்கினால் போதும். காலை 5 மணிக்கு ஒரு கையில் பிள்ளையின் தலைவாரலும் இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பாவுமாக நிற்கிற பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. தோசைக்கல்லை விட்டு 10 நிமிஷம் நகர முடியாது.

"எண்ணெய் மிச்சம்" என்கிறார்களே, எதோடு ஒப்பிட்டு? வாணலியில் எண்ணெய் காயவைத்து முக்கிப் பொரிப்பதோடு ஒப்பிட்டால் நிறைய மிச்சம். தோசைக்கல்லோடு ஒப்பிட்டால் மிச்சம் அரைக் கரண்டி. கடைக்காரர் முதல் ஒப்பீட்டைத்தான் சொல்வார்.

இப்போது கணக்கு

மெஷின் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைவாகவும் அதிகமாகவும் இருக்கிறது. குழுவில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, மாதம் 500 ரூபாய் அசல் என்று 10 மாதத்தில் கட்டினால், குறையும் பாக்கிக்கு வட்டி 50, 45, 40 என்று இறங்கி மொத்தம் 275 ரூபாய். ஆக 5,275. அந்த 275-ம் நம் குழுவுக்கே வருகிறது.

கடையில் "வட்டியே இல்லை, மாதம் 500 மட்டும்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வட்டியே இல்லாத கடன் என்று உண்மையில் ஒன்று கிடையாது, வட்டி வேறு கட்டணத்துக்குள் மறைந்திருக்கும் என்ற பொருளில் சொல்லியிருக்கிறது. அதனால் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் விலை எவ்வளவு? ஆவணக் கட்டணம் எவ்வளவு? ஒரு தவணை தவறினால் அபராதம் எவ்வளவு? மூன்றையும் பேப்பரில் எழுதிக் கூட்டினால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்து, எத்தனை முறை பயன்படுத்துவோம்? வாரம் இரண்டு முறை என்றால் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 200 முறை. ஒரு முறைக்கு 26 ரூபாய் மெஷின் செலவு. பத்து முறை செய்துவிட்டு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினால், ஒரு முறைக்கு 500 ரூபாய்க்கு மேல். நம் வீடுகளில் பரண்மேல் ஏறிய சாமான்களை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். கரண்ட் செலவு பெரிய விஷயமில்லை. 1,400 வாட் மெஷின் 20 நிமிஷம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட்.

ஆனால் பிளக் பெரிய விஷயம். 1,400 வாட் என்றால் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சார்ஜர் போடுகிற சின்ன பிளக்கில் போடக் கூடாது. 16 ஆம்பியர் பெரிய பிளக், எர்த் சரியாக இருக்க வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்றால் சுவிட்சுக்குள் இருக்கும் செம்பும் பித்தளையும் பச்சை பிடித்திருக்கும். அந்த இடத்தில் கரண்ட் சரியாகப் பாயாமல் பிளக் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியோடு சேர்த்து மாட்டவே வேண்டாம். வயரிங் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் 5,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். மெஷினைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், பின்னால் சூட்டுக் காற்று வரும்.

இப்போது கடை போட நினைக்கிற குழுவின் கணக்கு. ஒரு தட்டுக்கு 100 கிராம் வறுவல், 20 தட்டு விற்க வேண்டும் என்றால் 2 கிலோ வறுவல். அதற்குப் பச்சைக் கிழங்கு 3 கிலோ. கூடையில் ஒரு முறைக்கு 300 கிராம்தான் பிடிக்கும் என்று பார்த்தோம். ஆக 10 முறை. ஒரு முறைக்கு 18 நிமிஷம் என்றால் 3 மணி நேரம். காலை 8 மணிக்குப் பிள்ளைகள் வருவதற்குள் முடிக்க 5 மணிக்குத் தொடங்க வேண்டும். முதலில் செய்தது 8 மணிக்குள் ஆறி வதங்கிப்போகும், மறுபடி சூடாக்க வேண்டும். அதே வேலையை இரண்டு பெரிய தோசைக்கல்லில் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கலாம், வருகிறவர்களுக்குச் சுடச்சுடக் கொடுக்கலாம். வீட்டு மெஷின் வீட்டுக்காகச் செய்தது. கடைக்கு அது ஒத்துவராது என்பது எங்கள் கருத்து. கடை போடும் குழு எதில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சத்து விஷயத்தில் கொஞ்சம் கவனம்

"சக்கரவள்ளியில் வைட்டமின் ஏ நிறைய இருக்கு, கண்ணுக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சதை ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்குக்குத்தான் பொருந்தும். நம் மார்க்கெட்டில் அதிகம் வருவது தோல் சிவப்பு, சதை வெள்ளை. அதில் அந்தச் சத்து மிகக் குறைவு. ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பி ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைவைப் போக்க உழைத்ததற்காக மரியா ஆந்திராடே, ஜான் லோ, ராபர்ட் முவாங்கா ஆகியோருக்கு 2016-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள், ஹோவர்த் பூயிஸ் என்பவரோடு சேர்த்து. மொசாம்பிக், உகாண்டா கிராமத்துப் பெண்கள்தான் அந்தக் கொடியை நட்டு வளர்த்தவர்கள். நம் நாட்டிலும் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ஆரஞ்சுக் கிழங்கை வெளியிட்டிருக்கிறது. அதன் கொடி கிடைக்குமா என்று குரும்பாபேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். கொடித்துண்டை நட்டால் சுமார் நான்கு மாதத்தில் கிழங்கு. கடல் அரித்து அரித்து வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் இருந்த மணலே குறைந்துபோன ஊரில் கொல்லைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உப்பேறிய மண்ணில் இது சரியாக வராது. பழைய சாக்கில் நல்ல மண்ணும் மக்கிய எருவும் போட்டு ஒன்றிரண்டு கொடி வைத்துப் பார்க்கலாம். இலையையும் கீரையாகச் சமைக்கலாம்.

எந்த நிறக் கிழங்கானாலும் புரதமும் இரும்புச்சத்தும் குறைவு. கிழங்கு மட்டும் சாப்பிட்டால் பத்து மணிக்குப் பசிக்கும். அதனால் மேலே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அல்லது அவித்த கொண்டைக்கடலை, அல்லது ஒரு முட்டை சேருங்கள். நம்ம ஊரில் நெத்திலிக் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. நன்றாகக் கழுவி வறுத்துத் தூவினால் கிழங்கின் இனிப்புக்கு அது எடுப்பாக இருக்கும். அப்போது வறுவலில் உப்பே வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள். அவித்த கிழங்கைவிடச் சுட்ட, வறுத்த கிழங்கு ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். இட்லி நான்கும் சாப்பிட்டுவிட்டு மேலே இதையும் சாப்பிடுவது கூடாது.

பழைய சோறும் கருவாடும் சாப்பிடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கவலை எதுவுமே சாப்பிடாதவர்களைப் பற்றி. விடியலில் மீன் எடுக்கப் போகிற உறுப்பினர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "டீ" என்கிறார்கள். திரும்பி வந்து சமைத்து, வீட்டில் எல்லோருக்கும் போட்டு, தான் உட்காரும்போது மணி 11. பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைப் பற்றி அரசாங்கமே யோசிக்கிறது. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். அம்மாவின் காலைச் சாப்பாட்டை யார் கேட்கிறார்கள்? 2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. சும்மா கிடைத்த எண்ணிக்கை இல்லை இது.

அதனால் செய்முறையில் இன்னொரு படி சேர்த்துக்கொள்ளுங்கள். வறுவல் இறங்கியதும், யாருக்கும் தட்டு வைப்பதற்கு முன்னால், உங்கள் பங்கை ஒரு டப்பாவில் எடுத்து மூடுங்கள். மீன் கூடையோடு போகிறவர்கள் கையில் கொண்டு போகலாம். மொறுமொறுப்பு போய்விடும்தான், ருசி போகாது. எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிந்துகொண்டால் உணவில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீ அந்தச் சத்தைச் சேரவிடாது. முருங்கைக்கீரை பொரியல் செய்கிற நாளிலும் இதே மாதிரிதான்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் படித்துவிட்டு, கீழே உள்ளதைப் பேசவையுங்கள். போன ஒரு வருஷத்தில் நம் குழுவில் எத்தனை பேர் தவணைக்குச் சாமான் வாங்கினோம், அதில் வாரம் ஒரு முறையாவது பயன்படுவது எத்தனை? நேற்றுக் காலை 9 மணிக்குள் யார் யார் என்ன சாப்பிட்டோம்? இதை ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும் சொல்லட்டும், மாமியார் மருமகள் கதை வேண்டாம். ஏர் ஃபிரையருக்குக் கடன் கேட்டு மனு இருந்தால், கேட்ட உறுப்பினரின் வீட்டில் எத்தனை பேர், பெரிய பிளக் இருக்கிறதா, வாரம் எத்தனை நாள் செய்வார் என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேர்தான், காலையில் அடுப்படியில் நிற்க ஆளில்லை, வயரிங் சரியாக இருக்கிறது என்றால் அந்தக் கடன் வீண் கடன் இல்லை. ஏழெட்டுப் பேர் இருக்கும் வீடானால் முதலில் ஒரு மாதம் தோசைக்கல்லில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கிழங்கு கொண்டு வாருங்கள். தோல் நிறம், சதை நிறம், எந்தக் கடையில் என்ன விலை என்று பக்கத்தில் எழுதி வைப்போம். ஆரஞ்சுச் சதைக் கிழங்கு யார் கண்ணிலாவது பட்டால் இரண்டாக வாங்கி வாருங்கள். ஒன்றை வறுப்போம், இன்னொன்றை மண்ணில் வைத்து முளைக்கவிட்டுக் கொடி எடுப்போம்.